சாயலா, சாயமா? சட்டத்தைத் தமிழாக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சட்டங்களையும் தீர்ப்புகளையும் தமிழில் பெயர்த்துத் தருகிறவர்களுக்கும், சட்டச் சொற்களுக்குத் தமிழ் வகுக்கிற குழுவினருக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரத்தில் மனு எழுதுகிறவன். 22 வருடமாக ஒரு மேசை, எதிரே ஒரு பெஞ்சு, மேலே ஒரு தார்ப்பாய். வடகடல் கரையிலிருந்தும் தென்கடல் கரையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வலைக்காரர்கள், பாம்பன், தங்கச்சிமடத்து நாட்டுப்படகுக்காரர்கள், கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள், தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கிற பெண்கள். அவர்கள் பேச்சில் சொல்வதை நான் எழுத்தில் வைக்கிறேன். சட்டம் எழுத்தில் வைத்திருப்பதை அவர்களுக்குப் பேச்சில் சொல்கிறேன். இரண்டாவது வேலைதான் கடினம். அதில் நான் முட்டிக்கொண்டு நிற்கிற 'நிறம்' என்ற ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

போன வருடம் ஒரு பௌர்ணமி கழிந்த மறுநாள் நான்கு பெண்கள் வந்தார்கள். காலையில் நீர் வற்றிய நேரத்தில் கட்டக்கோரை என்ற கடல்பாசியை எடுத்துக்கொண்டு கரையேறியிருக்கிறார்கள். காக்கிச் சட்டையும் கையில் கம்புமாக ஒருவர் வழிமறித்திருக்கிறார். நான்கு சாக்கையும், ஒரு பெண்ணின் முகக்கண்ணாடியையும் வாங்கி வைத்துக்கொண்டு, அபராதம் கட்டு என்று கேட்டிருக்கிறார். கையில் இருந்ததைத் திரட்டி 1200 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். ரசீது கிடையாது. பெயர் சொல்லவில்லை. எந்த அலுவலகம் என்றும் சொல்லவில்லை. அவர் ஏதோ ஒரு வேலையில் தற்காலிகமாக இருந்து நின்றுபோனவர் என்று இரண்டு நாள் கழித்து யாரோ சொன்னதும்தான் இவர்களுக்கு உறைத்திருக்கிறது.

நான் என்னிடமிருந்த புதிய குற்றச் சட்டத்தின் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். பாரதிய நியாய சன்ஹிதா, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது. அதன் 204-ஆம் பிரிவு, அரசு ஊழியர் அல்லாத ஒருவர் தன்னை அரசு ஊழியராகக் காட்டிக்கொண்டு காரியம் செய்தால் குறைந்தது 6 மாதம், அதிகம் 3 வருடம் சிறை என்கிறது. இவர்களுக்குப் பொருந்தக்கூடிய பிரிவு. உரக்கப் படித்தேன். 'அப்பதவியின் நிறத்தின் கீழ் ஏதேனும் ஒரு செயலைச் செய்தால்' என்ற இடம் வந்தது.

அவர்களில் மூத்தவர் நிறுத்தினார். "அண்ணே, பதவிக்கு என்ன நெறம்? காக்கிதானே?"

நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அப்ப காக்கி போட்டுக்கிட்டு எடுத்தா, எடுக்கலாம்னு சட்டமே சொல்லுதா?"

தண்டிப்பதற்காக எழுதிய பிரிவை, அனுமதி கொடுக்கிற பிரிவாக அவர் புரிந்துகொண்டார். தவறு அவருடையதல்ல. அந்தத் தமிழைப் படித்தால் வேறெப்படியும் புரியாது. அன்றிலிருந்து இந்தச் சொல் வருகிற இடத்தையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த 'நிறம்', ஆங்கிலத்தில் உள்ள 'கலர்' என்ற சொல்லை அப்படியே பெயர்த்தது. ஆங்கிலச் சட்டமொழியில் அந்தச் சொல்லுக்குப் பச்சை, சிவப்பு என்ற பொருள் இல்லை. ஒரு அதிகாரமோ உரிமையோ இருப்பது போன்ற வெளித்தோற்றம் என்பதுதான் அதன் பொருள். உள்ளே அது உண்மையாக இருக்கலாம், அரைகுறையாக இருக்கலாம், சுத்தமாக இல்லாமலும் இருக்கலாம். இதை 'நிறம்' என்று போட்டால் தமிழ் வாசகர் மனத்தில் எதுவும் எழாது, அல்லது தப்பானது எழும். சட்டம், நிறம் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் படித்தவர்களுக்குத் தோல் நிறம் நினைவுக்கு வரும். 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 2-ஆம் உறுப்பில் இனம், நிறம், பால், மொழி என்று வருகிற நிறம் அது. எங்கள் படகுக்காரர்களுக்கு வேறு நினைவு. எந்த மாநிலத்துப் படகு என்று தூரத்திலிருந்தே தெரியும்படி படகுக்கு நிறம் வகுத்திருக்கிறார்கள் அல்லவா, அதுதான் அவர்களுக்குச் சட்டம் சொல்லும் நிறம். ஒருமுறை ஒரு இளைஞரிடம் இந்தத் தொடரைக் காட்டினேன். "பெயிண்ட் அடிக்காம போனா கேஸா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். இரண்டு ஊற்று தெரிகிறது. பழைய ரோமாபுரியில் வழக்காடுவதைக் கற்றுக்கொடுத்தவர்கள், ஒரு கட்சிக்காரரின் செயலை நல்லதாகவோ கெட்டதாகவோ தெரியச் செய்கிற விதமாக விஷயத்தின் மேல் பூசுகிற பூச்சை லத்தீனில் நிறம் என்றார்கள். இது பூசுகிறவர் கையில் இருக்கிறது. அப்புறம், பழைய இங்கிலாந்து நீதிமன்றங்களில் பிரதிவாதி தன் பதிலை எழுதும்போது, 'எதிராளிக்கும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு உரிமை இருப்பதுபோலத் தெரிகிறது, ஆனால் அது செல்லாது' என்று ஒப்புக்கொண்டு எழுத வேண்டிய முறை இருந்தது. அதற்கு 'நிறம் கொடுத்தல்' என்று பெயர். இங்கே யாரும் ஏமாற்றவில்லை. உரிமை போன்ற ஒன்று நிஜமாகவே கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆக ஆரம்பத்திலேயே ஒன்று பூசியது, மற்றது இயல்பாகத் தெரிவது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது. நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஒரே எழுத்துதான் வித்தியாசம். சாயல், சாயம்.

பிள்ளைக்குத் தாய் சாயல் என்கிறோம். யாரும் பூசியதல்ல, பார்த்தால் தெரிகிறது. அதற்காகப் பிள்ளை தாயாகிவிடாது. சாயம் அப்படியில்லை. துணிக்கு ஏற்றுகிறோம், ஏற்றியது ஒருநாள் வெளுக்கிறது. சாயத்தொட்டியில் விழுந்த நீலநரி கதை தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? மழை வந்ததும் சாயம் வெளுத்துப்போச்சு என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோம். சட்டத்தின் 'கலர்' எந்த இடத்தில் சாயல், எந்த இடத்தில் சாயம் என்று நீங்கள் பிரித்துச் சொன்னால் போதும். பாதிச் சட்டம் எங்கள் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குப் புரிந்துவிடும். நான் இந்த மடலில் கேட்பது இது ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அதே புத்தகத்தில் 37-ஆம் பிரிவு இருக்கிறது. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 99-ஆம் பிரிவாக இருந்தது. தற்காப்புரிமை எங்கெல்லாம் கிடையாது என்று சொல்லும் பிரிவு அது. ஒரு அரசு ஊழியர், நல்லெண்ணத்தோடு, பதவியின் 'நிறத்தில்' ஒரு செயலைச் செய்கிறார். அந்தச் செயல் சட்டப்படி அப்பழுக்கில்லாமல் சரி என்று சொல்ல முடியாவிட்டாலும்கூட, அதனால் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ வரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இல்லையென்றால், அவரை எதிர்த்துக் கைநீட்டித் தற்காத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை. இதுதான் சாரம்.

204-இல் இந்தச் சொல் குற்றவாளியைப் பிடிக்கிற கண்ணி. 37-இல் அதே சொல் அரசு ஊழியருக்குக் கேடயம். 204-இல் வருகிறவருக்குப் பதவியே இல்லை, வேஷம் மட்டும் இருக்கிறது. அது சாயம். 37-இல் வருகிறவர் உண்மையிலேயே பதவியில் இருக்கிறார், நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார், செய்த முறையில் ஏதோ பிசகியிருக்கிறது. ஆணையில் ஒரு குறை, எல்லையில் ஒரு தவறு, அப்படி ஏதாவது. அவர் செய்தது அவருடைய கடமையின் சாயலில் இருக்கிறது. அது சாயல்.

சிலர் 'பதவிப் போர்வையில்' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். 204-க்கு அது அருமையாகப் பொருந்தும். பசுத்தோல் போர்த்திய புலி என்றதும் யாருக்கும் விளங்கிவிடும். ஆனால் அதையே 37-இல் போட்டால் 'நல்லெண்ணத்தோடு பதவிப் போர்வையில்' என்று வரும். போர்வை போர்த்துகிறவருக்கு நல்லெண்ணம் ஏது? ஒரே வாக்கியத்துக்குள் சொல்லும் சொல்லும் அடித்துக்கொள்கின்றன. அதற்கு 'நிறம்' எவ்வளவோ பரவாயில்லை, புரியாது, ஆனால் பொய் சொல்லாது. 'அதிகாரத் தோரணையில்' என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். நல்ல பேச்சுச் சொல். ஆனால் தோரணை என்பது குரலையும் நடையையும் சொல்கிறது, மிரட்டுகிற வாடை அதில் இருக்கிறது. அமைதியாகப் பேசி, சிரித்துக்கொண்டே வலையைப் பறித்துப்போகிறவரை அந்தச் சொல் விட்டுவிடும். எங்கள் கரையில் சிரித்துக்கொண்டே பறிக்கிறவர்களும் உண்டு.

37-ஆம் பிரிவுக்கு விளக்கமாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அதை யாரும் எங்கள் மக்களுக்குப் படித்துக் காட்டுவதில்லை. எதிரே நிற்பவர் அரசு ஊழியர் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தால்தான் உங்கள் தற்காப்புரிமை தடைபடும். அரசு ஊழியர் சொல்லி அனுப்பிய ஆளாக ஒருவர் வந்தால், எந்த அதிகாரத்தின்படி வந்தேன் என்று அவர் சொல்ல வேண்டும். எழுத்தில் ஆணை இருந்து, நீங்கள் காட்டச் சொல்லிக் கேட்டால் காட்ட வேண்டும். அதாவது கேட்பது குற்றமல்ல. 'நீங்க யாரு? எந்த ஆபீஸ்? பேப்பர் இருக்கா?' என்ற மூன்று கேள்விக்கும் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இதை நான் சொன்னபோது அந்த மூத்த பெண் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "இத்தன வருசமா வாயத் தொறக்கக் கூடாதுன்னுல்ல நெனச்சிருந்தோம்" என்றார்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் பக்கமிருந்து தூத்துக்குடி வரை நீள்கிற 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டவை. பவளப்பாறையைக் காக்க வேண்டியது அவசியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எல்லைக்குள் போய்ப் பாசி எடுத்தால் நடவடிக்கை எடுக்க உண்மையான அதிகாரிகளுக்கு உண்மையான அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்துக்கும் ஒரு முறை எழுதி வைத்திருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, பிடித்த ஆளையும் பறித்த பொருளையும் தாமதமில்லாமல் நீதித்துறை நடுவரிடம் கொண்டுபோக வேண்டும் என்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, போலீஸ் சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றினால் அதை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும், கைப்பற்றியதற்குப் பட்டியல் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது. சாக்கை வாங்கி, காசை வாங்கி, பெயர் சொல்லாமல் போவது இதில் எதிலும் இல்லை. சாயலுக்கும் சாயத்துக்கும் வித்தியாசம் கரையில் தெரிவது இப்படித்தான். சாயலுக்குப் பின்னால் ஒரு தாள் இருக்கும்.

சரி, காக்கி போட்டவர் நிஜமாகவே வேலையில் இருக்கிறவராகவே இருந்தால்? பதவி உண்மை, செய்தது மட்டும் அநியாயம் என்றால்? இந்த மூன்றாவது வகைதான் ரொம்பச் சிக்கலானது. இதை அமெரிக்காவில் ஒரு வழக்கு உடைத்துப் பேசியிருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து, கறுப்பின மக்களைத் தாக்கி வந்த கும்பல்களை அடக்க அங்கே 1871-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மாநிலச் சட்டத்தின் 'நிறத்தில்' யாராவது ஒருவர் இன்னொருவரின் அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால், பறிகொடுத்தவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றது அது. பல பத்தாண்டுகள் அது பெரும்பாலும் தூங்கிக்கிடந்தது. 1958 அக்டோபரில் ஒரு விடியற்காலை, சிகாகோவில் 13 போலீஸ்காரர்கள் ஜேம்ஸ் மன்ரோ என்ற கறுப்பினத்தவரின் வீட்டை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். சோதனை ஆணை இல்லை. கணவனையும் மனைவியையும் உடுப்பில்லாமல் கூடத்தில் நிற்கவைத்தார்கள். வீட்டைக் கலைத்துப் போட்டார்கள். மன்ரோவைக் கூட்டிப்போய் 10 மணி நேரம் வைத்திருந்துவிட்டு, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் விட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தரப்பு வாதம் கேட்க நியாயம் போலவே இருக்கும். 'இவர்கள் செய்ததை மாநிலச் சட்டமே தடுக்கிறது. சட்டத்தை மீறிச் செய்ததைச் சட்டத்தின் நிறத்தில் செய்ததாக எப்படிச் சொல்வது?' 1961-இல் வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. அரசு கொடுத்த அதிகாரம் கையில் இருந்ததால்தான் அந்தக் கதவை உடைக்க முடிந்தது. அந்த அதிகாரத்தை வைத்துத் தவறு செய்தாலும் அது சட்டத்தின் நிறத்தில் செய்ததுதான் என்றது. இதே நீதிமன்றம் 1941-இல் வேறொரு வழக்கில் இதைச் சொன்னபோது, அரசின் அதிகாரத்தை உடுத்தியிருப்பதால் மட்டுமே செய்ய முடிகிற தவறு என்ற பொருள்பட எழுதியிருக்கிறது. உடுத்தியிருப்பது என்று நீதிபதிகளே சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்தப் பெண் கேட்ட 'காக்கிதானே?' நினைவுக்கு வந்தது. அவர் கேட்டது அறியாமல் கேட்ட கேள்வி என்று இனி நான் சொல்லமாட்டேன். சொல்லின் உயிரை அவர் தொட்டுவிட்டார், பொருள்தான் தலைகீழாகப் போய்விட்டது. அப்படிப் போனதற்குக் காரணம் மொழிபெயர்ப்பு.

நிலத்தில் இதே சொல் வேறு முகம் காட்டுகிறது. கடலை ஒட்டிய ஒரு ஊரில் ஒருவர் பனந்தோப்பு வாங்கினார். முத்திரைத்தாளில் கிரையப் பத்திரம், பதிவு, சாட்சி எல்லாம் ஒழுங்கு. வேலி போட்டு, கிணறு வெட்டி, கீற்றுக் கொட்டகையும் போட்டார். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, விற்றவருக்கு அதில் பாத்தியமே இல்லை, அண்ணன் தம்பி பாகத்தில் அது வேறொருவருக்குப் போனது. கையில் இருக்கும் பத்திரம் பார்க்கப் பத்திரம்தான், உரிமையைக் கொடுக்கிற சக்தி மட்டும் அதற்கு இல்லை. ஆங்கிலத்தில் இதை 'உரிமையின் நிறம்' என்பார்கள். வாங்கியவர் எதையும் பூசவில்லை, மனதார நம்பினார். இது சுத்தமான சாயல். 'உரிமைச் சாயல்' என்று எழுதினால் அவருக்கே தன் நிலைமை விளங்கும். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு இப்படிப்பட்டவருக்காகத்தான் இருக்கிறது. தனக்கு முழு உரிமை என்று நல்லெண்ணத்தோடு நம்பி நிலத்தை மேம்படுத்தியவரை வெளியேற்றும்போது, அந்த மேம்பாட்டின் மதிப்பை அவர் கேட்கலாம். 'போலிப் பத்திரம்' என்று யாராவது எழுதிவிட்டால் அவர் மோசடிக்காரர் ஆகிவிடுவார். ஒரு சொல்லில் ஒரு மனிதரின் மானம் இருக்கிறது.

சட்டமன்றங்கள் மேலும் இந்தச் சொல்லை வைத்து வழக்கு நடந்திருக்கிறது. எங்கள் சீமை சேதுபதி ஜமீன் சீமை. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை எங்கள் தாத்தாக்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் இந்த வழக்குகளைப் படிக்கும்போது ஊர்க்கதை மாதிரி இருந்தது. பீகாரில் ஜமீன்தாருக்குக் கொடுக்கும் நஷ்டஈட்டைக் கணக்கிடும்போது, குடியானவர்களுக்கு நன்மை செய்யும் பணிகளுக்கான செலவு என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு பணி நடந்ததா இல்லையா என்று பார்க்காமலே கழிவு. 1952-இல் தர்பங்கா மகாராஜா காமேசுவர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இடத்தைச் செல்லாது என்றது. மறு வருடமே ஒரிசாவின் பர்லாகிமிடி ஜமீன்தார் கஜபதி நாராயண் தேவ் போட்ட வழக்கு. அதில் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஆனால் தீர்ப்பில் நீதிபதி முகர்ஜி வகுத்த அளவுகோல்தான் இன்றுவரை எல்லாரும் எடுத்துச் சொல்வது. சட்டமன்றத்தின் எண்ணம் நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியே அல்ல. இந்த விஷயத்தில் சட்டம் இயற்ற அதற்கு அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. நேராகச் செய்ய அதிகாரம் இல்லாததை, அதிகாரம் உள்ள வேறொரு விஷயத்தின் பெயரைச் சூட்டிச் செய்யக்கூடாது. மேலே என்ன பூசியிருக்கிறது என்று பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். சாயத்தைப் பார்க்காதே, சாரத்தைப் பார்.

இதை 'நிறமுள்ள சட்டம்' என்று ஒரு தேர்வுக் கையேட்டில் பார்த்தேன். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். 'சாயம் பூசிய சட்டம்' என்றால் என்ன கெட்டுப்போகும்?

அவசரச் சட்டங்கள் பற்றிய வாத்வா வழக்கையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களைச் சட்டமன்றத்தில் வைத்து நிறைவேற்றாமல், காலாவதியாகும் நேரத்தில் மறுபடி மறுபடி பிறப்பித்து, சிலவற்றை 14 வருடம் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மேல் நடத்திய மோசடி என்றது. நிலம் கையகப்படுத்துவதிலும் இதே பேச்சு வரும். 1962-இல் சோமாவந்தி வழக்கில், பொது நோக்கத்துக்கு என்று அரசு அறிவித்தால் அதுவே முடிந்த முடிவு, ஆனால் அதிகாரத்தைச் சாயம் பூசிப் பயன்படுத்தியிருந்தால் நீதிமன்றம் உள்ளே பார்க்கும் என்றார்கள். கரையோரத்தில் நிலம் எடுப்பு நோட்டீஸ் வரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் கேட்பது இதைத்தான். 'பொது நோக்கம்னா யாரோட பொது?' என்பார்கள். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தால், மனுவில் அதை எழுதச் சொல்லிக் கேட்பார்கள்.

உங்கள் தரப்பில் ஒரு தடை சொல்வீர்கள் என்று தெரியும். ஒரே சட்டத்துக்குள் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் வர வேண்டும், இல்லையென்றால் பொருள் மாறியதாக யாராவது வாதாடுவார்கள். நியாயமான பயம். அப்படி ஒரே சொல்தான் வேண்டுமென்றால் 37-இலும் 204-இலும் 'பதவியின் பெயரால்' என்று வையுங்கள். 'உங்க பேரச் சொல்லி வாங்கிட்டுப் போனான்' என்பது எங்கள் வழக்குப் பேச்சு. சொன்னவர் யோக்கியரா இல்லையா என்று அந்தச் சொல் முன்கூட்டியே முடிவு கட்டாது, பக்கத்தில் நிற்கும் 'நல்லெண்ணத்தோடு' என்ற சொல்லே அதைத் தீர்மானிக்கும். ஆனால் விளக்கக் குறிப்பிலும், சொல்லகராதியிலும், மக்களுக்கான கையேட்டிலும் சாயல், சாயம் என்று பிரித்துக் காட்டுங்கள். அங்கே உங்களைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

நிறத்திலிருந்து தோற்றத்துக்கும் விதத்துக்கும் போவது தமிழுக்குப் புதிது என்றும் யாரும் சொல்ல முடியாது. வண்ணம் என்றால் நிறம். 'ஊர் மெச்சும் வண்ணம்' என்றால் ஊர் மெச்சும்படி. கல்யாணப் பத்திரிகையில் ஒரு வீட்டார் அழைத்து முடித்ததும் மற்ற வீட்டார் பெயருக்கு மேல் 'அவ்வண்ணமே கோரும்' என்று அச்சடிக்கிறோம். அந்த வண்ணத்தைப் பார்த்து எந்தச் சம்பந்தியும் என்ன கலர் என்று கேட்டதில்லை. சொல் பழகியிருக்கிறது, அதனால் விளங்குகிறது. நீங்கள் பழக்கிக் கொடுத்தால் இதுவும் விளங்கும்.

அந்த நான்கு பெண்களின் மனுவில் நான் நிறம் என்று எழுதவில்லை. 'காக்கிச் சட்டையும் கம்பும் காட்டி, தான் அரசாங்கத்து ஆள் என்று எங்களை நம்பவைத்து, அந்தப் பெயரால் எங்கள் சாக்கையும் பணத்தையும் எடுத்துக்கொண்டார்' என்று எழுதினேன். 204-ஐயும், அரசு ஊழியரின் உடுப்பை ஏமாற்றும் நோக்கத்தோடு அணிவதைத் தண்டிக்கிற 205-ஐயும் குறிப்பிட்டேன். படித்துக் காட்டியபோது நால்வரும் தலையசைத்தார்கள், ஒருவர் மட்டும் 'முகக்கண்ணாடி' விட்டுப்போனதைச் சொன்னார். சேர்த்துக்கொண்டேன். மனு இப்போது விசாரணையில் இருக்கிறது.

அடுத்த அமாவாசைக்குக் கடலுக்குப் போவதற்கு முன்னால் 37-ஐயும் 204-ஐயும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். தாளைத் தயார் செய்துவிட்டேன். அந்தச் சொல் வருகிற இரண்டு இடத்தில் மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லி அனுப்பினால் மையால் எழுதி அச்சுக்குக் கொடுப்பேன்.

இவ்வண்ணம் கோரும்,
ராமநாதபுரத்து மனு எழுத்தர் ஒருவர்